கூட்டல் குறிக்கு ஒரு சாண் முன்னால்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, ஒரு கூட்டல் குறி இருக்கிறது. முதலில் அது கறுப்பு இன்சுலேஷன் டேப்பாக இருந்தது. டேப் வெயிலில் உரிந்து போய் வெகுநாள் ஆகிறது. அதன் பசை மட்டும் சிமெண்டில் ஊறி, தூசியைப் பிடித்துக்கொண்டு, கூட்டல் குறியின் வடிவிலேயே நிற்கிறது. அதற்கு முன்னால் ஆணியால் கீறிய நான்கு கோடுகள் உண்டு. முதல் கோடு குறியிலிருந்து நான்கு விரல் தள்ளி. கடைசிக் கோடு ஒரு சாண் தள்ளி. நான்கையும் கீறியவள் நான்தான்.

வருகிற திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார். போன மழையில் மாடி ஒழுகி, கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது. மேல்பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு ஓடு பதிக்கப் போகிறார்கள். கணவர் இதைச் சொன்னபோது "சரிங்க" என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பிறகு நிறைய யோசித்தேன். ஒழுகுகிற மாடியை அப்படியே விடுங்கள் என்று எந்தப் பெண் சொல்லுவாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் ஏதாவது சாக்கு வைத்து மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தக் குறியை ஒட்டியவள் என் நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. நான் வரிச்சிக்குடியிலிருந்து கோவில்பத்துக்கு மருமகளாக வந்தபோது அவள் கல்லூரியில் கடைசி வருடத்துக்கு முந்தைய வருடம். கல்யாணத்துக்கு முன் என் அம்மா, "நாத்தனார் இருக்குற வீடு, வார்த்தைய அளந்து பேசு" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பார். நானும் அளந்துதான் பேசினேன், மூன்று நாள். நான்காவது நாள் என் பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அலமாரியில் அடுக்க அவள் உதவிக்கு வந்தாள். இரண்டு பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பெல்ட் நழுவி விழுந்தது.

"யாரோடது அண்ணி இது?"

"என்னோடதுதான். கராத்தே. ஸ்கூல்ல படிச்சப்ப."

அவள் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். "அம்மா, அண்ணன இனிமே வாய அடக்கிப் பேசச் சொல்லு. வந்துருக்கிறது யாருன்னு தெரியாம இருக்காரு."

நான் ஏழு வருடம் கராத்தே படித்தேன். கறுப்புப் பெல்ட்டுக்கு ஒரு படி முன்னால், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வந்தது. "பரீட்சை முடியட்டும்" என்றார் அப்பா. பரீட்சை முடிந்தது, கல்லூரி வந்தது, கல்லூரி முடிந்தது, வரன் வந்தது. யாரும் என்னைத் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்ளும் பெண்ணாக இருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பெல்ட்டை ஏன் புகுந்த வீட்டுக்கு எடுத்து வந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவள் படித்தது டேக்வாண்டோ. காலை ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளி மைதானத்துக்குப் போவாள். அடுத்த தை மாதம் கறுப்புப் பெல்ட் தேர்வு. அது முடிந்தால் சின்னப் பெண்களுக்கான வகுப்பை அவளே நடத்தலாம் என்று அவளுடைய மாஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டில் யார் வந்தாலும் அதைச் சொல்லுவாள். வகுப்பில் சேர்க்கப்போகும் பெண்களுக்கு எந்த வரிசையில் எதைச் சொல்லித் தருவது என்று ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தாள். மேல்படிப்பா, கல்யாணமா என்று மாமியார் பேச்செடுத்தால், "மொதல்ல பெல்ட்" என்று எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் குறியின் மேல் நின்று தன் முதல் பாடத்தைச் செய்தாள். அவர்கள் அதைப் பூம்சே என்கிறார்கள். நாங்கள் கட்டா என்போம். எதிரில் ஆள் இல்லாமலேயே, இருப்பதாக நினைத்துக்கொண்டு, குறிப்பிட்ட வரிசையில் தடுத்தும் குத்தியும் உதைத்தும் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. இடப்பக்கம் திரும்பிக் கையைக் கீழே வீசி ஒரு தடை. ஓர் அடி முன்னால் வைத்து ஒரு குத்து. அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடி ஒரு தடை, ஒரு குத்து. நான் ஈரப் புடவையைக் கொடியில் பாதி போட்டபடி நின்றுவிட்டேன். பத்து வயதில் நான் கற்ற முதல் கட்டாவும் அப்படித்தான் தொடங்கும். நடுவில் ஒரே ஓர் அசைவுதான் எங்களிடம் கூடுதல்.

"எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேட்டேன். கேட்ட பிறகு, மருமகளாக வந்த இடத்தில் இது தேவையா என்று தோன்றியது. அவளுக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. துணி வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வந்து நில்லுங்க" என்றாள்.

அசைவுகள் எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டன. கால்தான் வரவில்லை. கராத்தேயில் முன்காலை நன்றாக மடக்கி, பின்காலை நீட்டி, இடுப்பை இறக்கி நிற்க வேண்டும். எங்கள் மாஸ்டர் பிரம்பால் முழங்காலுக்குப் பின்னால் தட்டி, "தாழ்ந்து நில்லு, நீட்டி நில்லு" என்பார். ஏழு வருடம் அதைக் கேட்ட கால்கள். டேக்வாண்டோவின் முதல் பாடத்திலோ பெரும்பாலும் சாதாரணமாக நடக்கிற அளவுக்குத்தான் கால் வைக்க வேண்டும். எனக்கு அது நிற்பதாகவே தோன்றாது. நான் ஒவ்வோர் அடியிலும் இறங்கி நீண்டு நிற்பேன். முடிக்கும்போது குறியைத் தாண்டி எங்கோ நிற்பேன்.

"நடங்க அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் போற மாதிரி நடங்க. நீங்க என்னமோ நாத்து நடப் போற மாதிரி குனியிறீங்க."

"எங்க ஊருல அதான் பழக்கம்."

"வரிச்சிக்குடிக்காரங்கன்னு கால பாத்தாலே தெரியுது."

வடகம் காயப்போட வந்த மாமியார் நாங்கள் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கிக்கொள்வதைப் பார்த்து, "ரெண்டு பேரும் சண்ட போடுறீங்களா, சாமி கும்புடுறீங்களா? ஏதாவது ஒண்ணு செய்ங்க" என்பார். ஆனால் வடகத் துணியைக் குறியிலிருந்து தள்ளித்தான் விரிப்பார்.

சில மாதங்கள் கழித்து அவள் ஒரு புதுப் பாடத்தோடு வந்தாள். பழைய காலத்துப் பாடமாம். இப்போது பெரும்பாலான வகுப்புகளில் இல்லை. ஆனால் அவளுடைய மாஸ்டர் கறுப்புப் பெல்ட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கட்டாயம் சொல்லித் தருவார். பெயர் ப்யோங்-ஆன். அவள் தட்டுத் தடுமாறிச் செய்து காட்டினாள். முன்னால் மூன்று அடி, தலைக்கு மேல் தடுத்தபடி. திரும்பி வர மூன்று அடி, குத்தியபடி. நான் அவள் முடிக்கும்வரை காத்திருக்காமல் பக்கத்தில் போய் நின்று கூடவே செய்தேன். இருவரும் ஒரே நேரத்தில் முடித்தோம். அது என் முதல் கட்டாவேதான். நாங்கள் அதை ஹெய்யான் என்போம்.

அவள் அப்போதே செல்போனை எடுத்துத் தேடினாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இருவரும் படித்தோம். இரண்டு பெயர்களும் ஒரே சீன எழுத்துகளை ஜப்பானியர் ஒருவிதமாகவும் கொரியர் ஒருவிதமாகவும் படிப்பது. பொருள் அமைதி என்பது. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரியர்கள் சிலர் கராத்தே கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். அதைத் தங்கள் ஊர்க் கால்வீச்சோடு சேர்த்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பிறகு தங்களுக்கென்று புதுப் பாடங்கள் செய்துகொண்டு பழையவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஜப்பானியர்களுக்கு அது ஒகினாவா தீவிலிருந்து வந்தது. தீவுக்குச் சீனாவிலிருந்து. ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன் போன பிறகும் அவன் விட்டுப்போனதில் சிலதை நம்முடையது என்று வைத்துக்கொள்வது காரைக்காலில் பிறந்தவர்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் என் காலுக்கும் அவள் காலுக்கும் இடையில் இத்தனை கடல் இருந்ததா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"அப்ப உங்காளுங்களும் எங்காளுங்களும் பங்காளிங்க" என்றாள். "அதான் ஒருத்தர ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

அதிலிருந்து கொடுக்கல் வாங்கல் மாறியது. அந்தப் பழைய பாடத்தை அவளுக்குத் திருத்திக் கொடுக்க நான் தகுதியானவள் ஆகிவிட்டேன். அவளுடைய மாஸ்டரும் அதைப் பழைய முறைப்படி தாழ்ந்து, நீண்டு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு செய்து காட்டுவேன். அவள் செய்வாள். நன்றாகவே செய்தாள். புறப்பட்ட குறியில் அச்சாக வந்து நிற்பாள். போகும்போது வைத்த அடிகளும் திரும்பும்போது வைத்த அடிகளும் ஒரே நீளமாக இருந்தால்தான் அது முடியும்.

பிறகு நான் கர்ப்பமானேன். மூன்றாம் மாதத்திலேயே என்னை எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மாடிக்குப் போவதற்கும் மாமியாரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவள்தான் எனக்காகப் பேசினாள். "நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்ம்மா. அண்ணி எண்ணிக்கை சொல்லலன்னா எனக்கு வராது." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாடியில் கொண்டுபோய்ப் போட்டாள். நான் அதில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று சொல்லுவேன். அவள் செய்வாள். தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

ஆவணியில் ஒருநாள் அவள் முடித்தபோது குறிக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே, கொடிக்கம்பியைக் கட்டியிருந்த இடத்தில் கிடந்த ஓர் ஆணியை எடுத்து, அவள் முன்காலின் விரல் நுனியில் கோடு கீறினேன். "பாத்துக்க. இது கொரியா எல்லை." அவளும் சிரித்தாள். அது முதல் கோடு.

புரட்டாசியில் இன்னும் கொஞ்சம். ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், இன்னும் கொஞ்சம். போகும்போது இருந்த நீளம் திரும்பி வரும்போது இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது. முதல் மூன்று அடி நன்றாக இருக்கும். திரும்பியதும் அடி குறுகும், உடம்பு உயரும். இரண்டு பழக்கங்களையும் அறிந்தவள் என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இது டேக்வாண்டோவின் நடை. பழக்கதோஷம். வகுப்பில் நாள் முழுக்க அப்படி நடந்துவிட்டு இங்கேயும் நடக்கிறாள். கராத்தே படிக்காத ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தால், இந்தப் பெண் களைத்துப் போகிறாள் என்றுதான் பார்த்திருப்பாள். நான் காலைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பி வர்றப்ப கொரியாக்காரியா மாறிடுற. தாழ்ந்து நில்லு. நீட்டி வை" என்றேன்.

"வைக்கிறேன் அண்ணி."

"இன்னொரு தடவ."

அவள் இன்னொரு தடவை செய்தாள். எத்தனை 'இன்னொரு தடவை' சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை. எண்ணிக்கை சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. அது மட்டும் நினைவில் இல்லை.

மாடிப்படியில் நடுவே ஒரு திருப்பம் உண்டு. ஆறாம் மாதத்தில் நான் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். என் கையைப் பிடித்திருந்த அவளும் நிற்பாள். ஒருநாள் பார்த்தால் என்னைவிட அவளுக்குத்தான் அதிகமாக வாங்கியது.

"ஒனக்கு என்னடி ஆச்சு?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியல. உங்களுக்காவது உள்ள ஒரு ஆளு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

நான் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரிப்பு நின்ற பிறகும் அவள் தோள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இந்த ஒரு காட்சியை நான் எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரிக்காமல் இருக்க முயல்கிறேன். ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறேன்.

கார்த்திகைத் தொடக்கத்தில் நான்காவது கோடு. ஒரு சாண். அன்று அவள் முடித்ததும் குனிந்து முழங்கால்களில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, கொஞ்சம் இருங்க" என்றாள். நான் எரிச்சலோடுதான் கீறினேன். தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, இவள் இப்படி விளையாட்டாக இருக்கிறாளே என்று. மற்ற மூன்றையும்விட அந்தக் கோடு ஆழமாக இருக்கும். இப்போதும் விரலை வைத்தால் தெரிகிறது.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு மாதப் பரிசோதனை. மாமியாரும் அவளும் துணைக்கு வந்தார்கள். டாக்டரம்மாவின் அறை முதல் மாடியில். நான் ஏறிவிட்டேன். அவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டு மெதுவாக வந்தாள். டாக்டரம்மா என் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே நுழைந்த அவளைப் பார்த்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, "நீ வந்து உக்காரும்மா" என்று அவளை உட்கார வைத்தார். ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி மூச்சு வாங்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, "ரெண்டு வாரமாத்தான் மேடம்" என்றாள்.

எனக்கு நான்கு மாதம் என்று தெரியும். அந்த நொடியில்தான் தெரிந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. நான்கு கோடுகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. வாயைத் திறக்கப் பார்த்தேன். பக்கத்தில் மாமியார் நின்றார். நான்கு மாதமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? தேர்வு நின்றுபோகுமே என்று அவள் மறைக்கிறாள், நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றும் ஒரு நினைப்பு. அல்லது அது என் பயத்துக்கு நான் பிறகு போட்ட சட்டையா? அவள் யாருக்காகப் பொய் சொன்னாள் என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது. தேர்வுக்காகவா, எனக்காகவா? நான் பேசாமல் இருந்தேன்.

சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கிறது; புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டு வாரமா, நான்கு மாதமா என்பதெல்லாம் இதயத்தை ஸ்கேன் எடுத்த எந்திரத்துக்குத் தேவைப்படவில்லை. அது உள்ளே பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அன்றைக்கு மாறியிருக்காது, அவ்வளவுதான். ஆவணியில் சொல்லியிருந்தால்?

மார்கழி பிறப்பதற்குள் எனக்கு வளைகாப்பு செய்து பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக ஏற்பாடு செய்தார்கள். பத்துப் பேர்கூட இல்லை. அவள்தான் முதலில் வளையல் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒவ்வொரு பச்சை வளையலாக, உடையாமல் என் கையில் ஏற்றினாள். காதருகே வந்து, "கோட்ட அழிச்சிடாதீங்க அண்ணி. வந்து ஒவ்வொண்ணா சரி பண்றேன்" என்றாள். அன்று சாயங்காலமே என்னை வரிச்சிக்குடிக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

தையில் ஆபரேஷன். முந்தின நாள் அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைக் குறை சொன்னாள். அண்ணன் நாற்காலியிலேயே உட்கார்ந்து குறட்டை விடுகிறார் என்றாள். பிறகு, "அண்ணி, படுத்துக்கிட்டே முழுசா ஒருதடவ செஞ்சு பாத்தேன். தலைக்குள்ள" என்றாள்.

"எங்க வந்து நின்ன?"

"குறியிலதான். அச்சா."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கணவர் போன் செய்தார். ஐந்தாவது நாள் காய்ச்சல் என்றார். ஒன்பதாவது நாள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் அப்பாவைக் கூப்பிட்டார்.

நான் புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா கதவை மறித்து நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எட்டு கிலோமீட்டர்கூட இல்லை. நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லவில்லை. கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தேன். எதிரே வயலில் அறுவடை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் குழந்தை உதைத்தது. அப்பாவும் தம்பியும் பைக்கில் போய்விட்டு, மத்தியானம் தலை குளித்து வந்தார்கள். தேர்வுக்கு வாங்கி வைத்திருந்த புது வெள்ளை உடையைத்தான் அவளுக்குப் போட்டிருந்தார்கள் என்று தம்பி சொன்னான். நான் அவளைப் பார்க்கவே இல்லை.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது கோவில்பத்துக்குத் திரும்பி வந்தேன். கோடுகளை அவள் அழிக்க வேண்டாம் என்றாள்; நான் அழிக்கவில்லை. சரி செய்யத்தான் யாரும் இல்லை. ஒருமுறை குழந்தையின் காய்ச்சலுக்குப் போன இடத்தில் வேறொரு டாக்டரிடம், யாரோ தெரிந்தவர் கதை போலச் சொல்லி, நான்கு மாதம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பிழைத்திருப்பாள் என்றும் சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது.

மகளுக்கு இப்போது ஆறு வயது. பள்ளியில் டேக்வாண்டோ சொல்லித் தருகிறார்கள், சேர வேண்டும் என்று போன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏதேதோ சொல்லித் தள்ளினேன். கடைசியில், யாருக்கும் சொல்லாமல், அவளை அழைத்துப் போய் இதயத்துக்கு எடுக்க வேண்டிய பரிசோதனையெல்லாம் எடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு இடத்திலும் போய் எடுத்தேன். அதன்பிறகுதான் சேர்த்தேன். சின்னப் பெண்களின் வகுப்பை வேறொரு பெண் நடத்துகிறாள். நல்ல பெண். முதல் நாள் அவளுடைய முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம், மாமியாரும் நானும். மகள் கோடுகளின் மேல் பாண்டி ஆடுவதுபோலத் தாண்டிக்கொண்டிருந்தவள், "ஆத்தா, இது என்ன கோடு?" என்று கேட்டாள். மாமியார், "உங்கம்மாவக் கேளு" என்றார்.

மேஸ்திரி வர மூன்று நாள்தான் இருக்கிறது. துணிகளைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுச் சொன்னேன். எது எந்த மாதக் கோடு, அன்று நான் என்ன சொன்னேன், டாக்டரம்மாவின் அறையில் என்ன சொல்லவில்லை, எல்லாவற்றையும். மாமியார் ஒரு தலையணை உறையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"படியில நின்னு நின்னு ஏறுவாளே, கீழேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் கடைசியில். "ஒனக்காக மெதுவா ஏறுறான்னு நெனச்சேன். புள்ளத்தாச்சிய கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறாளே, எம்பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு ஒன் அம்மாட்டகூடப் போன்ல சொன்னேன்."

என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். படித் திருப்பத்தில் அவர் காலடி நின்றது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தேன். குறையவில்லை. அவரிடமிருந்ததையும் நான் இப்போது தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"அம்மா, நான் செஞ்சு காட்டவா?" என்றாள் மகள். பசைக் கறையின் மேல் போய் நின்றாள். குனிந்து வணங்கினாள். இடப்பக்கம் திரும்பி ஒரு தடை, ஓர் அடி, ஒரு குத்து. பின்பக்கம் திரும்பி மறுபடி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; மீதியை அவளாகவே கற்பனை செய்து, முன்னால் மூன்று அடி போய், திரும்பி மூன்று அடி வந்து, "முடிஞ்சுது" என்று நின்றாள். கால் சின்னது, அளவு தெரியாது. குறிக்கு ஒரு சாண் முன்னால், அந்த நான்காவது கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

நீட்டி வை என்று என் நாக்கு நுனிவரை வந்தது; ஏழு வருடப் பழக்கம். விழுங்கிக்கொண்டேன். முன்னால் மண்டியிட்டு, அவள் நெஞ்சில் கையை வைத்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மூச்சு வாங்குதாடா?"

"இல்லம்மா. தெனமும் இதையே கேக்குற."

"இன்னொரு தடவ சொல்லு."

"இல்ல" என்றாள் அவள். நான் கையை எடுக்கவில்லை.